ஜெர்மேன் மதினி சுட்ட கரடி

என் அண்ணன் லூசியனின் மனைவி ஜெர்மேன் முப்பத்திரண்டு வருடங்களாகக் கரடிக் கறி வெட்டுகிறவர். ஐம்பத்தெட்டு வயது வரை அவர் ஒரு கரடியையும் சுட்டதில்லை. உயிரோடு பார்த்ததுகூட, வண்டி வெளிச்சத்தில் சாலையைக் கடந்து காட்டுக்குள் மறைகிற முதுகை மட்டும்தான்.

எங்கள் ஊர் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் கனடா. ஆகஸ்ட் கடைசித் திங்கள்கிழமை கரடிப் பருவம் தொடங்கும். அன்றிலிருந்து நான்கு வாரத்துக்கு மதினியின் கொட்டகையில் விளக்கு அணையாது. தெற்கிலிருந்து வருகிற வேட்டைக்காரர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய், இரை போட்ட இடத்துக்கு எதிரே பரணில் ஏற்றிவிடுவது என் வேலை. அவர்கள் சுட்டுக் கொண்டுவருவதை உரித்து வெட்டிப் பொட்டலம் கட்டுவது மதினியின் வேலை.

கொட்டகைக்கு ஒரே ஒரு சட்டம்தான். கரடி உள்ளே வந்ததும் மதினி அதன் பின்தொடையில் கத்தியை எலும்பு வரை இறக்குவார். வெளியே எடுத்து முகர்ந்து பார்ப்பார். வாடை இருந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். கொழுப்பும் ரோமமும் கம்பளி மாதிரி மூடியிருப்பதால், செத்த பிறகும் கரடியின் உடம்பில் சூடு நிற்கும். வெக்கையான இரவு முழுக்கக் காட்டில் கிடந்தால் முதலில் தொடை எலும்போரம் கெட்டுப்போகும். மோசமாகச் சுட்டவனின் கரடிதான் அப்படி இரவெல்லாம் கிடக்கும். அதனால் மதினி திருப்பி அனுப்பியது கரடியை மட்டுமல்ல என்று எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால், கனெக்டிகட்டிலிருந்து வந்த ஒரு பல் மருத்துவர் கொட்டகையில் நின்று, தன் கரடி தன்னை நோக்கிப் பாய்ந்து வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மதினி உரித்துக்கொண்டே கேட்டார்.

"மூஞ்சிக்கு நேரா பாஞ்ச கரடிக்கு, குண்டு எப்படிப் பின்னாலருந்து உள்ள போச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். மருத்துவருக்குக் காது சிவந்துவிட்டது.

"நீங்க எத்தனை தடவை பரண்ல உட்கார்ந்திருக்கீங்கம்மா?"

மதினி கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார்.

அந்தக் குளிர்காலத்தில் மாதா கோயில் கூடத்தில் நடந்த, வேட்டை உரிமத்துக்குத் தேவையான பாதுகாப்பு வகுப்பில் அவர் போய்ச் சேர்ந்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பதினேழு பேர், அவர்களோடு மதினி. லூசியன் இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் கிடந்த நேரம் அது. தினமும் சாயங்காலம் கேட்பான்.

"வீட்டுப்பாடம் முடிச்சியா ஜெர்மேன்?"

"முடிச்சாச்சு. நீ பாத்திரம் கழுவினியா?"

தேர்வில் தொண்ணூற்றெட்டு வாங்கினார். போன வருடம் ஜூலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ரேயாலு, எனக்கு ஒரு பரண் குடு."

"நெசமாத்தான் கேக்கறீங்களா மதினி?"

"வெளியூர்க்காரனுக்கு ஒதுக்கற ஓட்டைப் பரணைக் குடுத்துடாத. நல்லதா ஒண்ணு குடு."

கறுப்பு ஓடைக்குப் பக்கத்தில் இருக்கிற இடத்தைக் கொடுத்தேன். சட்டப்படி பருவத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்து இரை போடலாம். மரத்தில் சங்கிலியால் கட்டிய இரும்புப் பீப்பாயில் பழைய டோனட், கருகிய ரொட்டித்தூள், வெல்லப்பாகு எல்லாவற்றையும் கொட்டுவோம். உணவகங்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயைத் தரையில் ஊற்றுவோம். கரடி அதை மிதித்துக்கொண்டு போகிற வழியெல்லாம் வாசனை படியும். அதைப் பிடித்துக்கொண்டு மற்றவை வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் மதினியும் வாளி தூக்கிக்கொண்டு கூட வந்தார். தேன் பூசிய டோனட் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை லூசியன் காலைல காபில முக்கித் தின்னுருப்பான். கரடிக்கு வந்த வாழ்வு."

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வதை எல்லாம் அவருக்கும் சொன்னேன். வாசனை சோப்புப் போடக்கூடாது. காது பெரிதாகத் தெரிந்தால் குட்டி, விட்டுவிட வேண்டும். முதுகு பீப்பாயின் இரண்டாவது வளையத்துக்கு மேலே இருந்தால் வளர்ந்தது. கூடக் குட்டி இருந்தால் தொடக்கூடாது. நம்மைப் பார்த்து நிற்கும்போது சுடக்கூடாது. பக்கவாட்டில் திரும்பி, நம் பக்கத்து முன்கால் முன்னால் போகிற வரை பொறுத்திருக்க வேண்டும். சுட்ட பிறகு இறங்கக்கூடாது. நான் சாலையில் வண்டியில் இருப்பேன்.

கடைசியாக ஒரு பாடம் உண்டு. கரடிப் படம் ஒட்டிய அட்டையை வைத்து, எங்கே சுட வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டச் சொல்வேன். பத்துப் பேரில் எட்டுப் பேர் தப்பாகக் காட்டுவார்கள். மதினியிடம் அட்டையை எடுத்ததும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"கரடிக்கு நுரையீரல் எங்க இருக்குன்னு கொழுந்தனார் எனக்குச் சொல்லித் தரப்போறாராக்கும்?"

நான் சிரித்துவிட்டு அட்டையை வண்டிக்குள் போட்டேன். அதைச் செய்திருக்கக்கூடாது.

சரளைக் குழியில் சுட்டுப் பழகினார். லூசியனின் ரைஃபிள்தான். அறுபது அடி தூரத்தில் ஐந்து தோட்டாவையும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் போட்டார். எனக்கு அவரைப் பற்றிக் கவலையே இல்லை.

திங்கள்கிழமை சாயங்காலம் ஒரு அணிலும் இரண்டு நீலக் குருவிகளும் வந்தன. செவ்வாய்க்கிழமை இருட்டும் நேரத்தில் அவரைக் கூட்டிவரப் போனபோது, பரணிலிருந்து மெல்ல இறங்கி, சாலைக்கு நடந்தார். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் சொன்னார்.

"ரெண்டு குட்டியோட ஒரு தாய் வந்துச்சு. பீப்பாயை மோந்துட்டு நிமிர்ந்து என்னையவே பார்த்துச்சு. நான் மூச்சு விடல."

"பயந்துட்டீங்களா?"

"இல்ல. எத்தனையோ தலையை உரிச்சிருக்கேன் ரேயாலு. அதுங்க மூக்கு சும்மாவே இருக்காது, ஈரமா அசைஞ்சுக்கிட்டே இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

புதன்கிழமை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அரை மணி நேரம் பொறுத்து விளக்கோடு உள்ளே போனேன். மதினி பரணிலேயே உட்கார்ந்திருந்தார். ரைஃபிள் மடியில் இருந்தது.

"பட்டுச்சு."

"எப்படி நின்னுச்சு?"

"பக்கவாட்டுல." பிறகு, "கொஞ்சம் என் பக்கம் திரும்பி" என்றார்.

பெரிய ஆண் கரடி. வந்த சத்தமே கேட்கவில்லையாம். பார்த்தபோது பீப்பாய் பக்கத்தில் இருந்ததாம். இருபது நிமிடம் படுத்துக்கொண்டே தின்றது. எழுந்தபோது சுட்டார். அது வெட்டுப்பட்ட மாதிரி ஒரு துள்ளல் துள்ளி, தேவதாரு அடர்த்திக்குள் பாய்ந்துவிட்டது.

"குறி தப்பிப்போச்சுன்னு விரல் அழுத்தும்போதே தெரிஞ்சுது" என்றார். "நான் பார்த்ததெல்லாம் தோல் இல்லாம, பின்னங்காலைக் கட்டித் தலைகீழாத் தொங்கறது. இது ரோமத்தோட நாலு கால்ல நிக்குது. நெஞ்சு எங்க ஆரம்பிக்குது, வயிறு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல."

பீப்பாயிலிருந்து பத்தடி தள்ளி, ஒரு பெரணி இலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ரத்தம் இருந்தது. மதினி அதை விரலில் எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் தேய்த்துப் பார்த்தார்.

"கறுத்துக் கிடக்கு. நுரை இல்ல. இது ஈரல்."

"தசையாக்கூட இருக்கலாம் மதினி."

"முப்பத்தொரு வருஷமா இதைத்தான் கையிலருந்து கழுவிக்கிட்டிருக்கேன். ஈரல்."

ஈரலில் பட்ட கரடியை உடனே துரத்தக்கூடாது. விட்டுவிட்டால் பக்கத்திலேயே எங்காவது படுக்கும். சில மணி நேரத்தில் செத்துவிடும். துரத்தினால் வலியோடு எழுந்து சதுப்புக்குள் வெகுதூரம் போய்விடும். இரண்டு பேருக்கும் இது தெரியும்.

"காலைல வந்தா கிடைக்குமா?" என்று கேட்டார்.

"கிடைக்கும்."

"கறி?"

அன்று இரவு சட்டை உடம்போடு ஒட்டுகிற வெக்கை. நாங்கள் அப்படியே வண்டிக்குத் திரும்பினோம்.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. விடிந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெரணி இலையில் ஒரு பொட்டுகூட இல்லை. பீப்பாயைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தேடினேன். ஒவ்வொரு வட்டமும் முந்தியதைவிடப் பெரிதாக. நாலு மணி நேரம் ஆகிவிட்டது. மற்ற மூன்று இடங்களுக்கு இரை போட வேண்டியிருந்தது. மதியத்துக்கு மேல் ஆட்களைப் பரணில் ஏற்ற வேண்டியிருந்தது. பத்தரை மணிக்கு நின்று, இப்படிப்பட்ட நேரத்தில் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"தசையில பட்டிருக்கும் மதினி. பொழச்சுக்கும். கரடி லேசுல சாகாது."

அவர் மூக்கு நுனியில் சொட்டிய தண்ணீரைத் துடைத்தார்.

"இதை இதுவரைக்கும் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்க?"

"தேவைப்படறவங்ககிட்ட."

"யாருக்குத் தேவை, அவங்களுக்கா உனக்கா?"

இருபத்திரண்டு வருடங்களில் அதை எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று கணக்கு வைத்ததில்லை. அதில் எத்தனை முறை அது உண்மையாக இருந்தது என்பது எனக்குத் தெரிய வழியும் இல்லை.

"நீ போ. உனக்கு வேலை கிடக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் போகவில்லை.

அவர் சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். பிறகு முட்டி போட்டு, மரக்கிளைகளுக்கு அடியில் தவழ்ந்து போக ஆரம்பித்தார். இடது முட்டி வீங்கியிருக்கிற மனுஷி. சாய்ந்து கிடந்த ஒரு தேவதாருவுக்கு அடியில் தலையை நுழைத்து, மரத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவினார்.

"இங்க வா."

தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், மரத்தின் அடிப்பட்டையில் காய்ந்த ரத்தம் இழுபட்டிருந்தது. மேல்பக்கம் மழையில் அலசி விட்டாற்போல் இருந்தது.

"மழை மேலருந்துதானே பெய்யுது" என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் தரையைப் பார்க்கவில்லை. சாய்ந்த மரங்களின் அடிப்பக்கத்தை மட்டும் பார்த்தோம். அப்படி மூன்று இடங்களில் கிடைத்தது. மூன்றும் ஓடையை நோக்கி இறங்கின. பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால், ஓடைக்கரைப் புதருக்குள் கரடி கிடந்தது. முன்னங்கால்களின் மேல் முகத்தை வைத்து, தண்ணீரைப் பார்த்தபடி. பீப்பாயிலிருந்து நானூறு அடி இருக்கும். காலையில் நான் இரண்டு முறை அதற்குப் பக்கத்தில் நடந்துபோயிருக்கிறேன்.

குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்த்தேன். அசைவில்லை. மதினி பக்கத்தில் உட்கார்ந்து ரோமத்துக்குள் கையை விட்டுத் துழாவினார். குண்டு போன துளை கிடைத்ததும் அதில் ஒரு விரலை வைத்தார். மறு கையை, போயிருக்க வேண்டிய இடத்தில் வைத்தார். நடுவில் ஒன்றரைச் சாண்தான் இருந்தது. அந்த இடைவெளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுதாளா என்று லூசியன் பிறகு என்னிடம் கேட்டான். இல்லை என்றேன். மழையில் எனக்குத் தெரிந்திருக்காது என்பதும் உண்மைதான்.

கயிறும் பிளாஸ்டிக் சறுக்குப் பலகையும் கொண்டுவந்து இழுத்து வெளியே சேர்க்க இரண்டு மணி நேரம் ஆனது. சுட்ட கரடியைச் சட்டப்படி பதிவு செய்கிற கடையில் முந்நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு காட்டியது. கடைக்காரர் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அனுப்ப ஒரு சின்னப் பல்லைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு, "முதல் கரடியே இவ்வளவு பெருசா!" என்று மதினியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். காபி குடித்துக்கொண்டிருந்த மூன்று பேர் கைதட்டினார்கள். மதினி ரசீதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கொட்டகையில் வேறு இரண்டு வேட்டைக்காரர்கள் தங்கள் கரடிகளோடு காத்திருந்தார்கள். மதினி தன் கரடியைத் தானே தொங்கவிட்டார். கத்தியை எடுத்துப் பின்தொடையில் எலும்பு வரை இறக்கி, வெளியே எடுத்து முகர்ந்தார். முகர வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கதவருகே நின்றிருந்த எனக்கே அடித்தது.

ஊன்றுகோலோடு நின்றிருந்த லூசியன்தான் முதலில் பேசினான்.

"முன்னங்கால் நல்லாத்தான் இருக்கும் ஜெர்மேன். முதுகும் தேறும். பாதியைக் காப்பாத்திடலாம்."

"இதுக்கு முன்னால யாருக்காவது அப்படிச் சொன்னேனா?"

"இல்ல."

"பாதி தேறும்னு அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும். சொன்னா நீ கேக்க மாட்ட, அதான் சொல்லல."

மதினி காத்திருந்த இரண்டு வேட்டைக்காரர்களையும் பார்த்தார். ஒருவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவர் கத்தியைக் கழுவிவிட்டு வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றையும் முகர்ந்து, நல்லதை ஒரு தட்டிலும் கெட்டதை வாளியிலும் போட்டார். பின்தொடை இரண்டும் வாளிக்குப் போயின. முன்னங்கால், கழுத்து, முதுகுக் கறி எல்லாம் சேர்ந்து அறுபது பவுண்டுக்குக் கொஞ்சம் மேல் தேறியது. முடித்ததும் சொன்னார்.

"முப்பத்தொரு வருஷமா நல்ல கறியையும் சேர்த்துத்தான் திருப்பி அனுப்பியிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை வேட்டை கிடையாது. பூசை முடிந்து வெளியே வந்ததும் என்னிடம் வண்டி எடுக்கச் சொன்னார்.

"எங்க?"

"வெண்டல் வீட்டுக்கு."

வெண்டல் தெற்கே முப்பது மைல் தள்ளி உருளைக்கிழங்கு பயிரிடுகிறவர். நாலு வருடங்களுக்கு முன்னால் தன் மகளைக் கூட்டிக்கொண்டு, முந்தின நாள் சுட்ட ஒரு கரடியோடு கொட்டகைக்கு வந்தார். மதினி கத்தியை முகர்ந்துவிட்டு, ஆறு பேர் முன்னிலையில், "இது கறி இல்ல, பிணம். தூக்கிட்டுப் போ" என்றார். அதற்குப் பிறகு அந்த ஆளை எங்கள் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

நாங்கள் போனபோது அவர் அறுவடை இயந்திரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே வந்து, மதினியைப் பார்த்துக் கையைத் துணியில் துடைத்தார். வணக்கம் சொல்லவில்லை.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்றார் மதினி. "தொடை கெட்டிருந்துச்சு. அது நெசம். ஆனா மிச்சத்தை வெட்டிக் குடுத்திருக்கலாம். உங்களையும் அப்படிப் பேசியிருக்க வேண்டாம்."

"இதைச் சொல்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"ஆமா."

வெண்டல் வயலைப் பார்த்தார்.

"அதை அங்கதான் புதைச்சேன். என் பொண்ணும் கூட மண்ணு தள்ளுச்சு. கொட்டகையிலருந்து வீட்டுக்கு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல." கையைத் திரும்பவும் துணியில் துடைத்து, "ரைஃபிளை வித்துட்டேன்" என்றார்.

மதினி தலையாட்டினார். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் சொல்லவில்லை. திரும்பி வண்டிக்கு நடக்கும்போது, வெண்டல் பின்னாலிருந்து கேட்டார்.

"நீங்க ஒண்ணு சுட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். ஈரல்லயாமே?"

"ஈரல்தான்."

"மழையில எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

மதினி திரும்பி வந்து, சாய்ந்த மரங்களைப் பற்றிச் சொன்னார். கையால் உயரம் காட்டினார். வெண்டல் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டார்: எந்தப் பக்கம் சரிவு, ஓடை எவ்வளவு ஆழம், கரடி எந்தத் திசையில் முகத்தை வைத்துக் கிடந்தது. இயந்திரத்தின் மேல் சாய்ந்துகொண்டு இருவரும் இருபது நிமிடம் பேசினார்கள். உள்ளே வந்து காபி குடிக்கிறீர்களா என்று அவர் கேட்டார். கொட்டகையில் மூன்று கரடி தொங்குகிறது என்று மதினி சொல்லிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

இந்த வருடம் பருவத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, முதல் முறையாக வருகிற ஏழு பேரைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். மதினி அந்தக் கரடியின் தோலை ரோமத்தோடு பதப்படுத்தி, வைக்கோல் திணித்த சாக்கின் மேல் போர்த்தி, நாலு கால்களில் நிறுத்தி வைத்திருந்தார். ஒவ்வொருவரையும் விரலை வைக்கச் சொன்னார். ஆறு பேர் தப்பாக வைத்தார்கள். ஒருவரையும் அவர் திட்டவில்லை. கையைப் பிடித்து நகர்த்தி, சரியான இடத்தில் அழுத்திக் காட்டினார். காயம்பட்ட கரடி பிழைத்துக்கொள்ளும் என்று நான் சொன்னால் நம்ப வேண்டாம் என்றும் அவர்களிடம் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

அவரும் இந்த வருடம் உரிமம் வாங்கினார். ஐந்து சாயங்காலம் உட்கார்ந்தார். இந்த முறை காட்டில் கொட்டை நிறையக் காய்த்துவிட்டதால் கரடிகள் பீப்பாய்ப் பக்கமே வரவில்லை. கடைசி நாள் இறங்கியபோது கால் மரத்துப்போய் நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த வருஷம் பரண்ல ஒரு மெத்தை போடு ரேயாலு. பலகை இடுப்பைக் கொல்லுது."